பேஸ் கிற்றார் இரைந்தால், கரகரத்தால், சுருதி நிற்காவிட்டால்: கடற்கரை ஊர்களுக்கான முழு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் பேஸ் வாசிக்கிறவர்களிடம் குறை கேட்டால் பெரும்பாலும் மூன்றுதான் வரும். இரையுது. கரகரக்குது. சுருதி நிக்குதில்ல. கேட்பவரும் உடனே "பிக்கப்பை மாத்து" (கம்பியின் அதிர்வை மின் ஒலியாக்கும் காந்தப் பகுதி) என்பார், இல்லையென்றால் "வேற கிற்றார் பார்" என்பார். இரண்டுக்கும் அவசரமில்லை. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் கல்லடி போன்ற இடங்களில், பேஸ் கெட்டுவிட்டதாக நாம் நினைக்கும் பல குறைகளுக்கு உப்புக் காற்றும் சரியில்லாத எர்த்தும்தான் காரணம். இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீற்றர், ஒரு ஸ்க்ரூடிரைவர், சரியான அளவு அலன் கீ, கொஞ்சம் பொறுமை போதும்.

ஒரு விதியை மட்டும் கடைசிவரை விடாதீர்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் வாசித்துக் கேளுங்கள். நான்கு திருகாணிகளைச் சேர்த்துத் திருகினால், குறை போனாலும் எதனால் போனது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

குறை எங்கே என்று பிரித்துப் பாருங்கள்

ஒலி கம்பியில் பிறந்து, பிக்கப், ஜாக் (கேபிள் சொருகும் துளை), கேபிள், அம்ப், ஸ்பீக்கர் என்று போகிறது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அடிக்கடி சாவது அதுதான், மாற்றுவதும் சுலபம். வேறு கேபிளிலும் அதே குறை இருந்தால் பேஸின் வொலியூமை முழுக்கக் குறையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது ஜாக்கிலோ கேபிளிலோ அம்பிலோ இருக்கிறது. வொலியூமோடு சேர்ந்து இரைச்சலும் அடங்கினால் பிக்கப் பக்கம் தேட வேண்டும்.

ஒலியே வரவில்லையா? கேபிளை பேஸிலிருந்து கழற்றி, அம்பின் ஒலியளவை நன்றாகக் குறைத்துக்கொண்டு, பிளக்கின் நுனியை விரலால் தொடுங்கள். 'பர்ர்' என்று ஒரு சத்தம் வந்தால் கேபிளும் அம்பும் உயிரோடு இருக்கின்றன. மேடையில் எர்த் சரியில்லை என்று சந்தேகம் இருந்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

உள்ளே 9 வோல்ட் பற்றரி உள்ள அக்டிவ் பேஸ் என்றால் வேறெதையும் தொடும் முன் பற்றரியை மாற்றுங்கள். பற்றரி இறங்கும்போது ஒலி ஒரேயடியாக நிற்காது. முதலில் பலமாக அடிக்கும் சுரங்கள் மட்டும் கிழிந்து கேட்கும், பிறகு எல்லாமே மெலியும். இவ்வகை பேஸ்களில் பிளக்கைச் சொருகியதுமே பற்றரி ஓடத் தொடங்கும். ஒத்திகை முடிந்து கேபிளைச் சொருகியபடியே விட்டுப் போனால் பற்றரி வீணாக இறங்கும்.

இரைச்சல்

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பேஸின் ஈ கம்பி 41.2 ஹேர்ட்ஸ். அதே கம்பியின் 3 ஆம் பிரெட்டில் (விரல் பலகையிலுள்ள உலோகக் கோடு) வரும் ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். ஆகவே 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் நாம் வாசிக்கும் எல்லைக்குள்ளேயே, ஜி சுரத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. ஜி ஸ்கேலில் பாட்டு வந்தால் பேஸ் சுருதி பிசகுவதுபோல் தோன்றுவதற்கு இதுவும் காரணமாகலாம். லீட் கிற்றார்காரருக்கு இரைச்சல் ஒரு தொந்தரவு. நமக்கோ அது பாட்டின் அடித்தளத்தையே கலைக்கிறது.

கம்பியைத் தொடாமல் கேளுங்கள், பிறகு தொட்டுக் கேளுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜுக்கு (உடல் பக்கத்தில் கம்பிகள் மாட்டப்பட்ட உலோகப் பகுதி) போகும் எர்த் வயர் நன்றாக இருக்கிறது. பேஸின் உள்ளறையில் ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை என்று மட்டும் அர்த்தம். தொட்டாலும் விட்டாலும் மாற்றமே இல்லையென்றால் அந்த வயரில் சந்தேகப்படுங்கள். தொட்டால் கூடுகிறது, அல்லது விரலில் 'சுர்' என்கிறது என்றால் வாசிப்பதை நிறுத்துங்கள். அது கிற்றாரின் குறை இல்லை, கரண்ட் வரும் வழியின் குறை.

நம் கடற்கரையில் அடிக்கடி கைவிடுவது அந்தப் பிரிட்ஜ் எர்த் வயர்தான். பெரும்பாலான பேஸ்களில் அதை எங்கும் சொல்டர் பண்ணியிருக்க மாட்டார்கள். உறை நீக்கிய வயர் நுனியைப் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் வைத்து, தகட்டைத் திருகி இறுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். உப்புக் காற்றும் வியர்வையும் உள்ளே இறங்கினால் வயரிலும் தகட்டிலும் பச்சையும் கறுப்புமாகப் படை பிடித்து, தொடுப்பு போய்விடும். மல்டிமீற்றரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மற்றதை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வையுங்கள். ஒன்றிரண்டு ஓமுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜைக் கழற்றி, தகட்டின் அடிப்பக்கத்தையும் வயர் நுனியையும் மெல்லிய உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து மறுபடி இறுக்குங்கள். செலவே இல்லாத வேலை. பிக்கப் மாற்றலாம் என்று நினைத்திருந்தால், அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

வயர் சரி, ஆனாலும் இரைகிறது என்றால் பேஸைப் பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நில்லுங்கள். ஒரு திசையில் கூடி மறு திசையில் குறைந்தால் பிக்கப் காற்றிலிருந்து இரைச்சலை வாங்குகிறது. ஜாஸ் பேஸ் வகையில் (1960 இல் ஃபென்டர் கம்பனி கொண்டு வந்த அமைப்பு) இரண்டு பிக்கப்புகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருக்கும். இரண்டு வொலியூமையும் சமமாக முழுக்கத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அழிக்கும். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் திரும்பி வரும். அது அந்த அமைப்பின் குணம், பழுது அல்ல. அதே கம்பனியின் 1957 க்குப் பிந்திய பிரிசிஷன் வகையில் இரண்டாகப் பிளந்த பிக்கப் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அந்த வகை பேஸ் இரைந்தால் உடைந்த சொல்டரைத் தேடுங்கள்.

கோயில் திருவிழா மேடைகளில் சோடனை விளக்குகளும் டிம்மரும் வேலையைக் கெடுக்கும். அவற்றின் சத்தம் ஆழமான 'ம்ம்' அல்ல, கூரான 'ஸ்ஸ்ர்'. விளக்கு வயரும் உங்கள் கேபிளும் பக்கம் பக்கமாக ஓட விடாதீர்கள். குறுக்கே போக வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். நிரந்தரத் தீர்வு, பிக்கப் அறைகளையும் பொத்தான்கள் இருக்கும் அறையையும் செப்பு ஒட்டுத்தாளால் மூடி, அதை எர்த்தோடு சேர்ப்பது. துண்டுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மின் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீற்றரால் பாருங்கள். ஒட்டிவிட்டு எர்த் கொடுக்காத செப்புத்தாளால் பயனில்லை.

எர்த்தோடு விளையாட வேண்டாம்

நம் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் பழைய வட்ட முனைப் பிளக்பொயின்ட்டும் புதிய 13 அம்பியர் சதுர முனைப் பிளக்பொயின்ட்டும் கலந்தே இருக்கின்றன. பொருந்தாதபோது இடையில் போடும் மலிவான அடாப்டர்களில் சிலவற்றுக்கு எர்த் முனையே இல்லை. இரைச்சல் குறைகிறது என்று அம்பின் எர்த் வயரைக் கழற்றி விடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள். 1972 இல் வேல்ஸின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிற்றார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கை மேடையில் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். நம் கம்பிகள் அம்பின் எர்த்தோடும், மைக் மிக்ஸரின் எர்த்தோடும் சேர்ந்திருக்கின்றன. இரண்டில் ஒன்று கெட்டால் நடுவில் நிற்பது நாம்.

மேடை ஏறும் முன் மல்டிமீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக்கின் உலோக வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்க வேண்டாம். சவுண்ட்காரரையும் மின் வேலை தெரிந்தவரையும் கூப்பிடுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையிலும், மழை பெய்து தரை ஈரமாக இருக்கும் மேடையிலும் இதைத் தவறவே விடாதீர்கள். வெறுங்காலோடு நிற்க வேண்டாம். டிரிப் சுவிட்ச் உள்ள லைனில் இருந்துதான் கரண்ட் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அம்பிலிருந்து மிக்ஸருக்கு லைன் கொடுத்ததும் மட்டும் இரைகிறதா? இரண்டும் வெவ்வேறு பிளக்பொயின்ட்டில் இருப்பதால் எர்த் வளையம் உண்டாகியிருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் சொருகுங்கள். அப்புறமும் போகவில்லையென்றால் டிஐ பொக்ஸிலுள்ள (பேஸ் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைத் தட்டுங்கள். அது ஒலி வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், உயிரைக் காக்கும் மின்சார எர்த்தைத் தொடாது.

கரகரப்பும் விட்டு விட்டு வருவதும்

பொத்தானைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசியும் படையும் சேர்ந்திருக்கிறது. எலக்ட்ரோனிக் கடையில் கொன்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி, பொத்தானின் பின்பக்கத் துளையில் ஒரு தடவை அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல தடவை திருப்புங்கள். துரு கழற்றும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அதன் எண்ணெய் உள்ளே தங்கி மேலும் தூசியைப் பிடிக்கும். அப்படியும் போகவில்லையென்றால் பொத்தானையே மாற்ற வேண்டியதுதான். பற்றரி இல்லாத பேஸ்களில் பெரும்பாலும் 250 கிலோ ஓம், அக்டிவ் பேஸ்களில் பெரும்பாலும் 25 கிலோ ஓம். பழையதன் முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்து அதையே வாங்குங்கள்.

கேபிளை அசைக்கும்போது ஒலி போய் வந்தால் ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் நுனியைப் பிடிக்கும் நாக்கு தளர்ந்திருந்தால் மெதுவாக உள்பக்கம் வளைத்து விடலாம். வெளி நட் தளர்ந்து ஜாக் சுழன்றிருந்தால், உள்ளே வயர் முறுகி சொல்டர் விட்டிருக்கும். நட்டை இறுக்கும்போது உள்ளே ஜாக்கைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இருக்கிற வயரும் அறுந்துவிடும். கேபிளைப் பேஸின் பட்டிக்குள் ஒரு சுற்று விட்டுச் சொருகும் பழக்கம் ஜாக்கின் ஆயுளைக் கூட்டும்.

ஒலி மெலிந்து கேட்டால்

பற்றரி இல்லாத பேஸை மிக்ஸரின் லைன் இன்புட்டில் நேரே சொருகினால் ஒலி மங்கலாகவும் சிறிதாகவும்தான் வரும். நடுவில் ஒரு டிஐ பொக்ஸ் வேண்டும், அல்லது மிக்ஸரில் கிற்றாருக்கென்று இருக்கும் இன்புட்டைப் பாவிக்க வேண்டும். பல தேவாலயங்களில் கேட்கும் "பேஸ் கேக்குதே இல்ல" என்ற முறைப்பாட்டுக்கு இதுவே விடை. சிறிய ஸ்பீக்கர்கள் ஈ கம்பியின் 41 ஹேர்ட்ஸைத் தரவே மாட்டா. பேஸ் பொத்தானை இன்னும் கூட்டினால் ஸ்பீக்கர்தான் கிழியும். அதற்குப் பதில் நடு அலைவரிசையைச் சற்று உயர்த்துங்கள், சுரம் தெளிவாக வெளியே வரும். அம்புக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் இடையே கிற்றார் கேபிளைப் போடாதீர்கள். அங்கே தடித்த ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும்.

செட்டப்: வரிசை மாறக் கூடாது

கம்பி, டியூனிங், நெக் (கழுத்து), கம்பி உயரம், பிக்கப் உயரம், இன்டொனேஷன் (எல்லாப் பிரெட்டிலும் சுருதி சேர்வது). இதே வரிசையில் போங்கள். ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதில் தங்கியிருக்கிறது. நெக்கைத் தொட்டால் அதற்குப் பின்னால் செய்த எல்லாம் மாறிவிடும்.

செத்த கம்பியில் செட்டப் செய்ய முடியாது. துருப்பிடித்த கம்பி நீளம் முழுக்க ஒரே கனத்தில் இருக்காது, எனவே சுருதி சேரவே சேராது. பேஸ் கம்பி விலை அதிகம் என்பதால் காப்பாற்றத்தான் பார்ப்போம். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியின் மேலும் அடியிலும் துடைப்பதுதான் முதல் மருந்து. மருதமுனைக் கைத்தறிச் சாரம் பழசானால் எறியாதீர்கள், அதைவிட நல்ல துடைக்கும் துணி இல்லை. ஒலி மங்கிய கம்பியைக் கழற்றி, ஃபார்மசியில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் ஓரிரவு மூடி ஊறவைத்துக் காயவிட்டால் சில வாரம் பளிச்சென்று ஒலிக்கும். நெருப்புப் பக்கம் வேண்டாம். கொதிநீரில் போடுவதும் ஒரு வழிதான், ஆனால் ஈரம் உள்ளே தங்கினால் நம் ஊரில் சீக்கிரம் துரு ஏறும். ஸ்டெயின்லெஸ் கம்பி உப்பைத் தாங்கும், பிரெட்டைத்தான் கொஞ்சம் அதிகம் தேய்க்கும். மழமழப்பான ஃபிளாட்வூண்ட் கம்பியின் மங்கிய, உருண்ட ஒலி பிடித்திருந்தால் அது வருடக்கணக்கில் ஓடும்.

புதுக் கம்பி போடும்போது கீ (சுருதி முறுக்கும் திருகு) தண்டுக்கு அப்பால் நான்கைந்து அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெட்டும் முன் அந்த இடத்தில் செங்கோணமாக மடக்கிக்கொண்டால் மேல்சுற்று அவிழாது. சுற்றுகள் மேலிருந்து கீழ்நோக்கி இறங்க வேண்டும்.

டியூன் செய்யும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். போனிலுள்ள டியூனர் ஈ கம்பியைப் பிடிக்கத் தடுமாறினால், 12 ஆம் பிரெட்டின் மேல் விரலை மெல்ல வைத்து ஹார்மோனிக் எழுப்புங்கள். போன் மைக் 82 ஹேர்ட்ஸை எளிதில் கேட்கும். சுருதி அடிக்கடி இறங்கினால் கீயின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா பாருங்கள். 'டிங்' என்ற சத்தத்தோடு சுருதி தாவினால் கம்பி நட்டில் (கீத்தலைக்கு அருகே கம்பிகள் தங்கும் பள்ளமுள்ள துண்டு) இறுகுகிறது. அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவுங்கள்.

இனி நெக். 1 ஆம் பிரெட்டையும், நெக் உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கப்போ (பிரெட்டை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இல்லையென்றால் தம்பியையோ தங்கையையோ ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். 8 ஆம் பிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிற்றிங் கார்ட் கம்பியை உயர்த்தாமல் நுழைந்தால் சரி. இடைவெளி அதிகமென்றால் டிரஸ் ரொட்டை (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டு) கடிகார முள் திசையில் இறுக்குங்கள், இல்லவே இல்லையென்றால் எதிர்த்திசையில் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுக்கும் முன் கம்பிகளைச் சற்றுத் தளர்த்துங்கள்; திருகிய பின் மறுபடி டியூன் செய்து அளந்து பாருங்கள். மரம் அசைந்து முடிக்க நேரம் எடுக்கும், மறுநாளும் ஒரு தடவை பாருங்கள். ரொட் அசையவே மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். உடைந்தால் நெக்கே போச்சு.

கம்பி உயரத்தை 17 ஆம் பிரெட்டில் அளப்பது வழக்கம். ஈ கம்பியின் அடிக்கும் பிரெட்டின் தலைக்கும் இடையே 2.4 மில்லிமீற்றர், ஜி கம்பிக்கு 2 மில்லிமீற்றர். பலமாக அடிக்கிறவர் இன்னும் அரை மில்லிமீற்றர் கூட்டிக்கொள்ளலாம். சேடிலில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் தங்கும் துண்டு) இருக்கும் குட்டி அலன் திருகாணிகள் நம் காற்றில் துருப்பிடித்து இறுகியிருக்கும். நேரே பலம் கொடுத்தால் தலை தேய்ந்துவிடும். துரு கழற்றும் எண்ணெயை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு ஒரு சொட்டு வைத்து, ஓரிரவு விட்டுத் திருப்புங்கள். பிரெட்போர்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக்கப் உயரத்துக்குக் கடைசிப் பிரெட்டை அழுத்தி அளக்க வேண்டும். பிரிசிஷன் வகையில் ஈ பக்கம் 2.8, ஜி பக்கம் 2 மில்லிமீற்றர். ஜாஸ் வகையில் 3.2, 2.4. ஒலி பெரிதாகட்டும் என்று பிக்கப்பைக் கம்பியோடு ஒட்ட ஏற்றினால் காந்தம் கம்பியை இழுக்கும். மேல் பிரெட்டுகளில் சுரம் நடுங்கும், டியூனர் முள் ஒரு இடத்தில் நில்லாது. சுருதிக் குறை என்று நாம் நினைக்கும் சில, பிக்கப்பை இறக்கியதும் போய்விடும்.

கடைசியில் இன்டொனேஷன். 12 ஆம் பிரெட்டில் ஹார்மோனிக்கை அடியுங்கள், பிறகு அதே பிரெட்டை அழுத்தி அடியுங்கள். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் சேடிலை நெக்கிலிருந்து தள்ளிப் பின்னே நகர்த்துங்கள்; தாழ்ந்திருந்தால் முன்னே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் டியூன் செய்யுங்கள். ஈ கம்பியின் சேடில் மற்றவற்றைவிடப் பின்னால் நிற்பது இயல்பு.

பிரெட்டில் அடிபடும் சத்தம்

அம்பில் கேட்காமல் காதில் மட்டும் கேட்கும் உரசலை விட்டுவிடுங்கள். அம்பிலும் கேட்டால், எங்கே கேட்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். அழுத்தாத கம்பியில் மட்டும் என்றால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் நான்கைந்து பிரெட்டில் என்றால் நெக் போதியளவு வளையவில்லை, ரொட்டைத் தளர்த்துங்கள். 12 க்கு மேலே என்றால் கம்பி மிகவும் தாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு பிரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த பிரெட் உயர்ந்திருக்கும். ஏடிஎம் அட்டையின் விளிம்பை மூன்று பிரெட்டுகளின் மேல் நிறுத்தி ஆட்டிப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று இருக்கிறது, பலரை வீணாக அலைக்கழிப்பது. ஜி கம்பியின் 5 முதல் 7 ஆம் பிரெட் வரை எங்கோ ஒரு சுரம் அடித்ததுமே செத்துவிடும். உரசல் இல்லை, கம்பியும் புதிது. போல்ட் போட்டுச் சேர்த்த நெக் உள்ள பேஸ்களில் இது மிகச் சாதாரணம். அந்தச் சுரத்தின் அதிர்வை நெக்கே உறிஞ்சிக்கொள்கிறது. எந்தச் செட்டப்பும் இதைத் தீர்க்காது. கீத்தலையில் கொஞ்சம் கனமான கிளிப்பை மாட்டினால் செத்த இடம் வேறு பிரெட்டுக்கு நகரும். இல்லையென்றால் நீண்டு ஒலிக்க வேண்டிய அந்தச் சுரத்தை டி கம்பியின் 10 முதல் 12 வரையுள்ள இடத்தில் வாசியுங்கள்.

பருவத்தோடு சேர்ந்து

ஆனி, ஆடியில் கச்சான் காற்று சூடாகவும் காய்ந்தும் அடிக்கும். கார்த்திகை, மார்கழியில் மழையும் ஈரமும். நெக் இரண்டு பருவத்திலும் ஒரே நிலையில் நிற்காது. எந்தப் பக்கம் வளைகிறது என்பது மரத்துக்கு மரம் வேறுபடும், அதனால் உங்கள் பேஸின் 8 ஆம் பிரெட் இடைவெளியை இரண்டு பருவத்திலும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நத்தார்க் கரோல் காலம் மழைக்குள்தான் வருகிறது. முதல் ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்பே அளந்துவிடுங்கள்.

சுவரில் தொங்கவிடுவது அழகுதான், ஆனால் கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் வேண்டாம். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வெயிலில் நிறுத்திய வானுக்குள் விடவே கூடாது. பல மாதம் வாசிக்கப் போவதில்லையென்றால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிடும்.

நட்டை அராவுவது, பிரெட்டுகளைச் சமப்படுத்துவது, முறுகிய நெக், அசையாத டிரஸ் ரொட் ஆகிய நான்கையும் மட்டும் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது எந்தக் கம்பி, எந்தப் பிரெட், எந்த மாதத்திலிருந்து என்று அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள்.